தெருவாரியா, மடைவாரியா, ஒரே குழுவா? வாய்க்காலுக்கு ஆள் சேர்க்கும் கணக்கு

எங்கள் ஊர் திருத்துறைப்பூண்டிப் பக்கம். முள்ளியாற்றுப் பாசனத்தில் கடைசியாகப் பிரியும் ஒரு சின்ன வாய்க்கால்தான் எங்களுக்குத் தண்ணீர் தருவது. தலைப்பிலிருந்து கடைசி வயல் வரை சுமார் 2 கிலோமீட்டர், வயல்களுக்குத் தண்ணீர் பிரியும் மடை 11, சாகுபடி செய்கிற குடும்பம் 58. என் நிலம் ஒன்பதாவது மடையில், 12 மா, அதாவது சுமார் 4 ஏக்கர். மேலே உள்ளவர்கள் பாய்ச்சி முடித்து மிச்சம் வந்தால்தான் எனக்கு.

வருகிற ஞாயிற்றுக்கிழமை கோயில் மண்டபத்தில் கூட்டம். இந்த வருஷம் தூர்வார ஆட்களை எப்படிச் சேர்ப்பது என்பது ஒன்றுதான் பேச்சு. பெரிய ஆறுகளுக்கும் வாய்க்கால்களுக்கும் அரசுப் பணம் வரும். எங்களுடையது மாதிரி வால் நுனியில் கிடப்பது ஒரு வருஷம் பட்டியலில் இருக்கும், அப்புறம் காணாமல் போய்விடும். மேட்டூர் திறப்பு வழக்கப்படி ஜூன் 12 என்றாலும் அதை நம்பிக் காலண்டரில் வட்டம் போட முடியாது. 2022இல் மே 24ஆம் தேதியே திறந்துவிட்டார்கள், 2024இல் ஜூலை 28 ஆகிவிட்டது. ஆக, தூர்வார ஆட்கள் கூப்பிட்ட வாரத்திலேயே வந்து நின்றாக வேண்டும். வேலை அப்படியொன்றும் பெரிதல்ல. 58 குடும்பமும் ஆளுக்கு இரண்டு நாள் இறங்கினால் முடிந்துவிடும். ஆனால் இறங்குவதில்லை.

ஏன் என்பது எல்லோருக்கும் தெரியும். நான் வாராமல் விட்டு மற்றவர்கள் வாரினாலும் எனக்குத் தண்ணீர் வந்துவிடும். நான் மட்டும் வாரி மற்றவர்கள் விட்டால் என் உழைப்பு வீண். இரண்டு பக்கமும் பார்த்தால் வீட்டில் இருப்பதே லாபம். 58 பேரும் இப்படி லாபம் பார்த்த வருஷத்தில் நெய்வேலிக் காட்டாமணக்குதான் செழிப்பாக வளர்ந்தது. 1858இலேயே சென்னை மாகாணத்தில் குடிமராமத்து வேலைக்கு, அதாவது ஊரார் சேர்ந்து ஏரி, வாய்க்காலைப் பராமரிக்கும் வேலைக்கு, வராதவர்களைக் கட்டாயப்படுத்தச் சட்டம் போட வேண்டியிருந்தது என்றால், 'அந்தக் காலத்தில் எல்லோரும் தானாக வந்தார்கள்' என்கிற கதையைக் கொஞ்சம் தள்ளி வைத்தே கேட்க வேண்டும்.

நாங்கள் நான்கு விதமாக முயன்று பார்த்திருக்கிறோம். நான்கிலும் இருந்த மனிதர்கள் இதே ஆட்கள்தான். ஒரு வருஷம் மண்வெட்டியோடு வந்து நின்றவர் மறு வருஷம் போனை எடுக்கவில்லை. ஆள் மாறவில்லை, யாரை யாரோடு கோத்தோம் என்பதுதான் மாறியது. அதனால் 'நம்ம ஊர் ஜனங்க சரியில்லை' என்கிற பேச்சைக் கூட்டத்தில் யார் எடுத்தாலும் நான் ஒத்துக்கொள்ளப் போவதில்லை.

தெருவாரியாக

பழைய வழி இது. மேலத்தெரு இத்தனை ஆள், கீழத்தெரு இத்தனை, காலனி இத்தனை என்று பிரித்துவிடுவார்கள். தெருவுக்குள் கட்டுக்கோப்பு பலமாக இருக்கும். பங்காளி, சம்பந்தி, மொய் எழுதினவர், எழுத வேண்டியவர் என்று ஒருவரையொருவர் நாலு கயிற்றால் கட்டியிருக்கும் இடம் அது. வராதவன் சாயங்காலம் டீக்கடைக்குப் போக முடியாது.

1992இல் மார்ட்டின் நோவாக், ராபர்ட் மே என்ற இருவர் சதுரங்கக் கட்டம் போன்ற ஒரு பலகையில், கைகொடுப்பதா ஏமாற்றுவதா என்கிற இதே சிக்கலை ஒரு விளையாட்டாக்கிக் கணினியில் ஓடவிட்டார்கள். ஒவ்வொரு கட்டத்திலும் ஒருவர். பக்கத்துக் கட்டத்தோடு மட்டுமே ஆட்டம். எல்லோரும் எல்லோரோடும் ஆடினால் ஏமாற்றுகிறவர்களே ஜெயிக்கிற அதே ஆட்டத்தில், இப்படிப் பக்கத்தோடு மட்டும் ஆடும்போது, கைகொடுக்கிறவர்கள் கூட்டம் கூட்டமாகச் சேர்ந்து தாக்குப்பிடித்தார்கள். கூட்டத்தின் நடுவில் இருப்பவருக்குச் சுற்றிலும் நல்லவர்களே என்பதால் நஷ்டமில்லை. அடி வாங்குவது ஓரத்தில் இருப்பவர்.

எங்கள் தெருவாரி முறையும் அந்த ஓரத்தில்தான் உடைந்தது. தெருவின் கோடும் தண்ணீரின் கோடும் ஒன்றல்ல. மேலத்தெருக்காரர் ஒருவருக்கே இரண்டாம் மடையில் 5 மா, பத்தாம் மடையில் 7 மா இருக்கும். ஆறாம் மடையில் மூன்று தெருக்காரர்களும் உண்டு. 'அந்தத் தெருவில் பாதிப் பேர்தான் வந்தான், நாம மட்டும் ஏன் முழுசா?' என்று ஒரு குரல் கிளம்பினால் போதும், அன்றைக்குப் பத்து மணிக்கே மண்வெட்டிகள் தோளுக்கு ஏறிவிடும். 1960களின் தொடக்கத்தில் தஞ்சை மாவட்டக் கிராமம் ஒன்றில் தங்கி ஆராய்ந்த ஆந்த்ரே பெத்தெய், அக்கிரகாரம், குடியானவர் தெரு, சேரி என்று ஊரே மூன்றாகப் பிரிந்து கிடந்ததை எழுதியிருக்கிறார். கோடுகள் அன்றைய அளவுக்கு இல்லை, ஆனால் தூர்வாரும் பட்டியல் எழுதும் நோட்டில் இன்னும் அதே வரிசைதான். அதோடு, மண்ணில் இறங்குகிற வேலை எப்படியோ எப்போதும் ஒரே தெருவின் தலையில் போய் விழும். இந்த ஒரு காரணத்துக்காகவே நான் தெருவாரி முறைக்கு ஓட்டுப் போட மாட்டேன்.

ஒரு பெரிய ஆள்

நடுவில் சில வருஷம் ஊரில் ஒருவர் பொறுப்பெடுத்துக்கொண்டார். யாரையும் குறைசொல்ல வேண்டாம், மனிதர் நன்றாகவே செய்தார். ஒரு போன் போட்டால் மண் அள்ளும் ஹிட்டாச்சி மிஷின் வந்து நிற்கும். ஆறாம் மடைக்காரருக்கும் எட்டாம் மடைக்காரருக்கும் தகராறு என்றால் இரண்டு பேரும் அவர் திண்ணைக்குத்தான் போவார்கள். எல்லா நூலும் அவர் கையில்.

அப்புறம் அவருக்கு உடம்பு முடியாமல் மகன் வீட்டுக்குப் போனார். அந்த வருஷம் வாய்க்காலில் மண்வெட்டியே படவில்லை. நாங்கள் 58 பேரும் அவருக்குத்தான் கடமைப்பட்டிருந்தோம், ஒருவருக்கொருவர் இல்லை. ஆறாம் மடைக்காரரும் எட்டாம் மடைக்காரரும் நேருக்கு நேர் பேசியே பழகாமல் போயிருந்தது.

இப்படித் தொடர்பு நூல் நிறைய உள்ள சில ஆட்கள் நடுவே இருந்தால் ஒத்துழைப்பு பெருகும் என்று 2005இல் ஆய்வாளர்கள் கணினிக் கணக்கில் காட்டினார்கள். கேட்க நன்றாகத்தான் இருந்தது. 2012இல் வெளியான ஒரு ஆய்வில், ஸ்பெயினில் 1,229 பள்ளி மாணவர்களை இரண்டு கூறாக்கி நிஜமாகவே ஆடவிட்டார்கள். ஒரு கூறில் எல்லோருக்கும் நாலே பக்கத்தவர்கள், இன்னொன்றில் சிலருக்கு நிறையத் தொடர்பு, பலருக்குக் கொஞ்சம். இரண்டிலும் ஒத்துழைப்பு ஒரே அளவுதான், பெரிய ஆளால் ஒரு கூடுதலும் இல்லை. பக்கத்தவர் எவ்வளவு சம்பாதித்தார் என்று பார்த்து அவர்கள் ஆட்டத்தை மாற்றிக்கொள்ளவே இல்லை. போன சுற்றில் தன்னைச் சுற்றி எத்தனை பேர் கைகொடுத்தார்கள், தான் என்ன செய்தோம் என்று பார்த்துத்தான் அடுத்த அடி வைத்தார்கள். இதைப் படித்தபோது எனக்கு எங்கள் வாய்க்கால் கரைதான் நினைவுக்கு வந்தது. அவனுக்கு மாவுக்கு எத்தனை மூட்டை கண்டது என்று பார்த்து எவனும் தூர்வார வருவதில்லை. பக்கத்து வயல்காரன் இறங்கிவிட்டானா என்று எட்டிப் பார்த்துவிட்டுத்தான் வேட்டியை மடித்துக் கட்டுகிறான்.

ஒரே வாட்ஸ்அப் குழு

இதைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். ஊருக்கெல்லாம் ஒரே குழு, மாவுக்கு இவ்வளவு என்று வசூல், மிஷினுக்கு வாடகை. முதல் அறிவிப்புக்கு 41 கட்டைவிரல் விழுந்தது. வாய்க்காலுக்கு வந்த மண்வெட்டி 9. சிங்கப்பூரில் இருக்கும் பட்டாதாரர்கள்தான் அதிகம் கட்டைவிரல் போட்டார்கள். அந்த நிலங்களைக் குத்தகைக்கு உழுகிறவர்கள் குழுவிலேயே இல்லை. பணம் மட்டும் பாதிக்கு மேல் வந்தது, அதில் மிஷின் நாலாம் மடை வரை வந்து நின்றது. கடைமடைக்காரர்கள் கொடுத்த பணத்தில் தலைமடை சுத்தமானது.

2006இல் ஓட்சுகி, நோவாக் முதலிய நால்வர் கண்ட ஒரு எளிய விதி இங்கே நன்றாகப் பொருந்துகிறது. பக்கத்தவர் ஒருவருக்கு உதவ எனக்கு ஆகும் செலவு 1 என்று வைத்துக்கொள்வோம். அதனால் அவருக்குக் கிடைக்கும் நன்மை, எனக்கு இருக்கும் பக்கத்தவர்களின் எண்ணிக்கையைவிட அதிகமாக இருந்தால்தான் ஒத்துழைப்பு நிலைக்கும். நாலு பக்கத்தவர் என்றால் நாலு மடங்குக்கு மேல் நன்மை வேண்டும். 57 பக்கத்தவர் என்றால் 57 மடங்கு, அதற்கு எங்கே போவது? ஒருவரைப் பார்த்து ஒருவர் கற்கும் கணினி ஆட்டத்துக்குப் போட்ட விதி இது, தராசு மாதிரி அப்படியே வயலில் கொண்டுவந்து வைக்க முடியாது. ஆனால் டேவிட் ராண்ட் என்ற ஆய்வாளரின் குழுவினர் மனிதர்களையே வைத்துச் சோதித்து 2014இல் வெளியிட்டதிலும், நன்மை அந்த எல்லையைத் தாண்டிய இடத்தில் ஒத்துழைப்பு குலையாமல் நின்றது. குழு பெருகப் பெருக ஒருவர் கை மற்றவர் கண்ணில் படுவதில்லை என்பதைத்தான் நான் இதிலிருந்து எடுத்துக்கொள்கிறேன்.

பேராவூரணிப் பக்கம் ஆடி, ஆவணியில் நடக்கும் மொய் விருந்தை இங்கே நினைத்துப் பார்க்கலாம். பந்தலில் நூற்றுக்கணக்கில் சாப்பிடுகிறார்கள், ஆனால் கணக்கு இருவர் இருவருக்குள்தான். நான் உனக்கு எழுதியது உன் நோட்டில் இருக்கிறது, நீ எனக்கு எழுதியது என் நோட்டில். அங்கே கூட்டத்துக்குள் யாரும் ஒளிந்துகொள்ள முடியாது. வாட்ஸ்அப் குழுவில் ஒளிந்துகொள்ளத்தான் முடியும்.

மடைவாரியாக

போன வருஷம் ஏழு, எட்டு, ஒன்பது ஆகிய மூன்று மடைக்காரர்கள் மட்டும் தனியாக முயன்றோம். ஒரு மடையில் தண்ணீர் வாங்குகிறவர் நாலு முதல் ஆறு பேர்தான். அந்த மடைக்கும் அடுத்த மடைக்கும் இடையிலுள்ள வாய்க்கால் அவர்கள் பொறுப்பு. பட்டா யார் பேரில் இருந்தாலும் சரி, உழுகிறவர்தான் வர வேண்டும்.

ஒரு காலைப் பொழுது நன்றாக நினைவிருக்கிறது. எட்டாம் மடைக்குக் கீழே வாய்க்கால் குறுக்கே ரோட்டுக்கு அடியில் சிமெண்ட் குழாய் ஒன்று போகிறது. அதன் வாயில் ஆகாயத்தாமரை பாய் விரித்த மாதிரி அடைத்திருந்தது, அடியில் முழங்கால் அளவு சேறு. நாங்கள் மூன்று பேர் இறங்கி அரைமணி நேரம் இழுத்திருப்போம். எட்டாம் மடைக்காரர் ஒருவர் சைக்கிளில் வந்தவர் நின்று பார்த்தார், ஒன்றும் பேசவில்லை, சைக்கிளைப் பூவரச மரத்தில் சாய்த்துவிட்டு இறங்கிவிட்டார். கொஞ்ச நேரத்தில் அவர் தம்பி வந்தான். 'அண்ணே, நீங்க இந்தப் பக்கம் தள்ளுங்க, நா அந்தப் பக்கம் இழுக்குறேன்' என்றான். அந்த இரண்டு குடும்பத்துக்கும் எங்களுக்கும் வரப்புச் சண்டை ஒன்று மூன்று வருஷமாக நடந்துகொண்டிருந்தது. இப்போதும் நடக்கிறது. ஆனால் குழாய் சுத்தமாகிவிட்டது.

மூன்று மடைக்கும் இரண்டரை நாளில் வேலை முடிந்தது. செலவு என்றால் டீ, வடை. சரி, பிறகு ஏன் இதையே ஊர் முழுக்கச் செய்யக் கூடாது? கூட்டத்தில் நான் பேசப் போவது இதைத்தான். ஆனால் இதில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. அதை மூடாமல் பேசினால் முதல் மடைக்காரர் ஒரே கேள்வியில் என்னை உட்கார வைத்துவிடுவார்.

தண்ணீர் ஒரு பக்கமாகத்தான் ஓடுகிறது. எனக்கு எட்டாம் மடைக்காரர் வேண்டும், அவருக்கு ஏழாம் மடைக்காரர் வேண்டும். முதல் மடைக்காரருக்கு யார் வேண்டும்? தலைப்பிலிருந்து நேராக அவர் வயலுக்குப் பாய்கிறது. போதாக்குறைக்கு மேலே மூன்று பேரிடம் போர், அதாவது ஆழ்குழாய்க் கிணறு, இருக்கிறது, ஆறு வராவிட்டாலும் நாற்றங்கால் போட்டுவிடுவார்கள். கீழே எங்கள் பக்கம் போர் போட்டால் உப்புத் தண்ணீர். அவருக்கு வெளியே வழி உண்டு, எனக்குக் கிடையாது. கணினிப் பலகையில் பக்கத்துக் கட்டத்தார் இருவரும் சமம். வாய்க்காலில் சமமில்லை.

ஆந்திராவின் கர்னூல் மாவட்டக் கால்வாய் ஊர்களை ஆராய்ந்து 1988இல் எழுதிய ராபர்ட் வேட் கண்டதும் இதன் மறுபக்கம்தான். பொது நிதி, ஊர் வைத்த நீர்பாய்ச்சி, வயல்காவல் என்று ஒழுங்காக அமைப்பு வைத்திருந்தவை பெரும்பாலும் கடைமடை ஊர்கள். தேவை உள்ள இடத்தில்தான் அமைப்பு முளைக்கிறது. பொதுவளங்களை மக்களே நிர்வகிப்பதை ஆராய்ந்து 2009இல் நோபல் பரிசு பெற்ற எலினார் ஆஸ்ட்ரமும் தலைமடைக்கும் கடைமடைக்கும் உள்ள இந்த ஏற்றத்தாழ்வைத் திரும்பத் திரும்பப் பேசியவர்.

இதற்கு எங்கள் ஊரில் ஒரு மருந்து இருக்கிறது. இத்தனை வருஷமாக ஏன் யாரும் எடுக்கவில்லை என்பது எனக்கே ஆச்சரியம். வடிகாலைச் சொல்கிறேன்.

ஜூனில் தண்ணீர் மேலிருந்து கீழே வர வேண்டும், அப்போது நாங்கள் மேலே போய்க் கெஞ்சுகிறோம். ஐப்பசி, கார்த்திகையில் மழை ஊற்றும்போது சம்பாப் பயிர் மூழ்கிக் கிடக்கும். மேலே உள்ள வயலின் தண்ணீர் வடிய வேண்டுமானால் எங்கள் வயல் ஓரமாகப் போகும் வடிகால் வழியாகத்தான் வடிந்தாக வேண்டும். வடிகாலில் கோரையும் ஆகாயத்தாமரையும் மண்டியிருந்தால் முதல் மடைக்காரரின் பயிர்தான் நாலு நாள் கூடுதலாகத் தண்ணீரில் நிற்கும். அப்போது அவர்கள் கீழே வந்து கெஞ்சுகிறார்கள். இரண்டு கெஞ்சலும் வேறு வேறு மாதத்தில், வேறு வேறு ஆட்களிடம், தனித்தனியாக நடப்பதால் ஒன்றோடு ஒன்று சந்திக்கவே இல்லை.

இரண்டையும் ஒரே பேச்சில் வைத்தால் ஒருவழிச் சங்கிலி இருவழியாகிவிடும். மே மாதம் மேல்மடைக்காரர்கள் பாசன வாய்க்காலுக்கு வந்து நிற்க வேண்டும், புரட்டாசியில் கீழ்மடைக்காரர்கள் வடிகாலுக்கு நிற்க வேண்டும். ஒன்றாம் மடைக்கும் பதினொன்றாம் மடைக்கும் ஜோடி, இரண்டுக்கும் பத்துக்கும் ஜோடி என்று கட்டிவிடலாம். போர் வைத்திருக்கிறவருக்கும் போர் வெள்ளத்தை வடிக்காது.

நூல் கோக்க ஒருவர்

மடைக்குழுக்கள் தனித்தனித் தீவாகிவிடும் ஆபத்தும் உண்டு. ஏழாம் மடைக்காரருக்கு மூன்றாம் மடையில் என்ன நடக்கிறது என்று தெரியாது. தெரியாதபோது சந்தேகம்தான் வளரும். அங்கும் இங்கும் போய்வருகிற ஒருவர் வேண்டும். நாங்கள் வழக்கமாக இதற்கு ஒரு 'பெரியவரை'த் தேடுவோம். நான் வேறொருவரைச் சொல்லப் போகிறேன்: காலனியிலிருந்து நடவுக்கு ஆள் கூட்டிவரும் அக்கா.

ஒரே வாரத்தில் முதல் மடையிலிருந்து கடைசி மடை வரை எல்லா வயலிலும் கால் வைக்கிறவர் ஊரில் அவர் ஒருவர்தான். எந்த மடையில் தண்ணீர் ஏறவில்லை, எவர் இரவில் பலகையைத் தூக்கிவிட்டுப் போகிறார் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். சொந்த நிலம் இல்லாததால் எந்த மடைக்கும் பக்கம் சாய வேண்டிய அவசியமும் இல்லை. நெருங்கிய உறவைவிடத் தூரத்துப் பழக்கம்தான் புதுச் செய்தி கொண்டுவரும் என்று மார்க் கிரானோவெட்டர் 1973இல் எழுதியதை எங்கள் அக்காவைப் பார்த்தே புரிந்துகொள்ளலாம். இதைச் சும்மா செய்யச் சொல்லக் கூடாது. மாவுக்கு இவ்வளவு என்று கூலி பேசித் தர வேண்டும். விவசாயிகள் தாங்களே தூர்வாரினால் காலனி ஆட்களுக்கு அந்த நாலு நாள் கூலி போகிறது, அதையும் சேர்த்து இங்கே யோசிக்க வேண்டும். நிலம் இல்லாத ஒரு பெண் வந்து கணக்குக் கேட்பதா என்று ஓரிருவர் முகம் சுளிப்பார்கள் என்பதும் தெரியும்.

வராதவரை என்ன செய்வது? ராண்ட், ஆர்பெஸ்மன், கிறிஸ்டாகிஸ் ஆகியோர் 2011இல் வெளியிட்ட சோதனையில், யாரோடு சேர்வது என்பதை ஆட்டக்காரர்கள் அடிக்கடி மாற்றிக்கொள்ள விட்டபோது ஒத்துழைப்பு நீடித்தது, மாற்ற விடாதபோது சுற்றுக்குச் சுற்று தேய்ந்தது. ஆனால் நிலத்தைத் தூக்கிக்கொண்டு வேறு மடைக்குப் போக முடியாது. வேறு நூல்களை அறுக்கலாம் என்று சிலர் சொல்வார்கள்: நடவுக்கு ஆள் விடாதே, கல்யாணத்துக்குப் போகாதே என்று. அதை நான் எதிர்ப்பேன். ஊர்விலக்கு என்கிற ஆயுதம் தண்ணீர் விஷயத்தோடு நிற்காது என்பதும், எந்தத் தெருவின் மேல் முதலில் விழும் என்பதும் எல்லோருக்கும் தெரியும். வராதவரின் பங்கு நீளத்தைத் தூர்வாராமல் அப்படியே விட்டு, அவர் பெயரைக் கரையில் ஒரு குச்சியில் எழுதி நட்டால் போதும். போகிற வருகிறவர்கள் பார்க்கட்டும், தண்ணீர் வர இரண்டு நாள் இருக்கும்போது அவரே வந்துவிடுவார். வராவிட்டால் அவருடைய மடைக்குழுவே வாரிவிட்டுக் கூலியை அவரிடம் வாங்கிக்கொள்ளட்டும்.

ஆக, ஞாயிற்றுக்கிழமை நான் கேட்கப் போவது மடைவாரிக் குழு, அதோடு வடிகால் ஜோடி, நடுவில் அக்கா. ஹிட்டாச்சி வேண்டாம் என்று சொல்லவில்லை. தலைப்பிலிருந்து நூறு மீட்டருக்கு அது இல்லாமல் முடியாது, அதற்கு மட்டும் பொது வசூல் இருக்கட்டும், வாட்ஸ்அப் குழு அந்தக் கணக்கைப் போடுவதற்கு உதவும். ஒரே ஒரு இடம்தான் இன்னும் முடிவாகவில்லை. எட்டாம் மடைக்குக் கீழே உள்ள அந்தச் சிமெண்ட் குழாய் யார் பங்கு? அளந்து பார்த்தால் பாதி எட்டுக்கு, பாதி ஒன்பதுக்கு. யாருக்கும் பிரித்துக் கொடுக்காமல், முதல் நாள் காலை ஆறு மணிக்கு இரண்டு மடைக்காரர்களும் அங்கேதான் தொடங்க வேண்டும் என்று எழுதி வைத்திருக்கிறேன். சைக்கிள்காரரிடமும் சொல்லியாயிற்று. 'பாப்போம்' என்றார்.